இருட்டறைக்கு வெள்ளையடித்தவர்களுக்கு

மதிப்புக்குரிய கல்லூரி நிர்வாகத்தாருக்கும், குறிப்பாகக் கட்டடப் பராமரிப்புக் குழுவினருக்கும், வணக்கம்.

கல்லூரியின் பெயரை எழுதவில்லை. படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும். புதுச்சேரியில் இருட்டறைக்கு வெள்ளையடித்த கல்லூரி இன்னொன்று இருக்க வாய்ப்பில்லை.

நான் பேராசிரியர் இல்லை. 19 வருடமாகப் பின்கட்டடத்து இரண்டு அறைகளின் சாவியை வைத்திருக்கும் ஆய்வக உதவியாளர். கடலூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிறவள். எங்கள் பேராசிரியர் இது பற்றி மூன்று கடிதம் கொடுத்துவிட்டார். மூன்றுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரே பதில். பரிசீலியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சுவர் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வருகிறது என்று பொங்கல் விடுமுறையில் வேலையை முடித்தீர்கள். போகிக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம்தான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. விடுமுறை முடிந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே வெள்ளை வெளேர் என்று இருந்தது. சுண்ணாம்புகூட இல்லை, முகம் பார்க்கலாம் போலப் பளபளக்கும் எனாமல். கூரையில் புதிதாக ஒரு டியூப்லைட், ஆள் அசைந்தால் தானாக எரியும் வகை. மின்சாரச் சிக்கனமாம். ஐயா, அது இருட்டில் கண் பார்வையைச் சோதிக்கும் இருட்டறை. அங்கே நாங்கள் விளக்கே போடுவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கனம் எது?

அந்த அறை ஏன் கறுப்பு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வெயிலிலிருந்து உள்ளே வந்த கண் இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும். விழித்திரையில் இருக்கும் கூம்பு செல்கள் 10 நிமிடத்தில் தேறிவிடும். மங்கலில் பார்க்க உதவுகிற குச்சி செல்கள் முழுதாகத் தேற 30, 40 நிமிடம் ஆகும். வெளிச்சம் பட்டு வெளுத்த நிறமி மறுபடி சேர அவ்வளவு நேரம். அந்த நிறமிக்கு வைட்டமின் ஏ வேண்டும் என்று கண்டறிந்த ஜார்ஜ் வால்டுக்கு 1967 நோபல் பரிசில் ஒரு பங்கு கிடைத்தது. மாலைக்கண் வந்த பிள்ளைக்கு முருங்கைக்கீரையை ஆக்கிப் போடு என்ற நம் பாட்டிகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, போகட்டும். அப்படிப் பழகிய கண் எவ்வளவு கூர்மையானது தெரியுமா? 1942இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெக்ட், ஷ்லேயர், பிரென் மூவரும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். குச்சி செல்கள் 5 முதல் 14 ஒளித்துகள்களை உள்வாங்கினாலே போதும், மனிதன் 'ஏதோ மின்னியது' என்று சொல்லிவிடுகிறான். இவ்வளவு நுணுக்கமான கண்ணுக்கு முன்னால், கணினியின் ஓரத்தில் கசியும் வெளிச்சம் வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தால் அது பட்டப்பகல். கறுப்புச் சுவர் அதை விழுங்கிவிடும். அதற்காகத்தான் பளபளப்பு இல்லாத கறுப்பைத் தேடி வாங்கி அடித்து வைத்திருந்தோம்.

2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோது அந்தக் கூரை ஒழுகியது. 2024இல் ஃபெஞ்சல் புயல் மழையில் கணுக்கால் வரை தண்ணீர் நின்றது. அப்போதெல்லாம் கறுப்பு அப்படியே இருந்தது. உங்கள் ஆய்வுக் குழுவைத்தான் அதனால் தாங்க முடியவில்லை.

சரி, ஒரு நாள் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதன் பிறகும் இது பெயிண்ட் விவகாரம்தானே என்று தோன்றினால் நான் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். சின்ன வயதிலிருந்து ராத்தொழிலுக்குப் போகிறவர். ரெண்டு வருடமாக அந்தி சாய்ந்தால் வலைக் கயிறு எங்கே இருக்கிறது என்று கையால் தடவித்தான் பிடிக்கிறேன் என்றார். இந்த மாதிரி ஆட்கள்தான் எங்கள் சோதனைக்கு வேண்டும், இவர்களுக்குத்தான் எங்கள் சோதனையும் வேண்டும். அன்றைக்குத் தொழிலை விட்டுவிட்டு, ரெண்டு பஸ் மாறி வந்தார். சுவர் வெள்ளையாகிவிட்டதே என்று நான் நாலு கறுப்புப் போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தேன். அந்த விளக்கின் ஸ்விட்ச் எங்கே என்று தேடினேன். ஸ்விட்சே இல்லை.

அவரை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். இருட்டுக்குள் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, இருட்டுல உக்கார வைக்கத்தான் கூப்பிட்டீங்கன்னா, அது எங்களுக்குக் கடல்லயே கெடைக்குமே" என்று சிரித்தார். 30 நிமிடம் தாண்டியது. கொசு கடித்திருக்கும் போலிருக்கிறது, கழுத்தைச் சொறியக் கையைத் தூக்கினார். பளிச்சென்று டியூப்லைட் எரிந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டார். அவ்வளவுதான், 30 நிமிடமும் போச்சு. மறுபடி முதலிலிருந்து.

நான் ஏணி போட்டு ஏறி, அந்த உணர்கருவியின் மேல் ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துக் கறுப்பு டேப் சுற்றி ஒட்டினேன். (பக்கத்து டீக்கடையில் வாங்கியது. பில் இல்லை, மன்னிக்கவும்.) இரண்டாவது தடவை 35 நிமிடம் வரை ஒழுங்காகப் போயிற்று. அப்போது கதவு திறந்தது. வெளியே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒருவர், கூடவே நாலு விருந்தினர். "இது புதுப்பிக்கப்பட்ட ஆய்வகம் சார்" என்று காட்டினார். உள்ளே ஒரு கிழவர் போர்வைகளுக்கு நடுவில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார் ஒருவர்.

பெரியவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லம்மா, இன்னொரு நாளு பாப்போம்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். போன் பண்ணும்போதெல்லாம் வலை பின்னுகிறேன், பேத்திக்குக் காய்ச்சல் என்று ஏதாவது சொல்கிறார். இனி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள் தொழிலை விட்டுவிட்டு வந்தவரை ஒன்றரை மணி நேரம் இருட்டில் உட்காரவைத்து வெறுங்கையோடு அனுப்பியிருக்கிறோம். அவர் கண்ணுக்கு என்ன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அதனால்தான் கேட்கிறேன். அந்த அறையைப் பழையபடி கறுப்பாக்கிக் கொடுங்கள். எங்களுக்குச் சொல்லாமல் உள்ளே வராதீர்கள்.

பக்கத்து அறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதில் ஒரு கதவு. அங்கே தண்ணீரின் மேற்பரப்பை அளக்கிறோம். கண்ணுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்கலாம். நம் கண்ணீர் வெறும் உப்புத்தண்ணீர் இல்லை. அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று மிதக்கிறது, இமை ஓரத்துச் சுரப்பிகள் கொடுப்பது. அது இல்லாவிட்டால் கண்ணீர் சீக்கிரம் ஆவியாகும், கண் எரியும், பார்வை கலங்கும். அந்த எண்ணெய் தண்ணீர்மேல் எப்படி விரிகிறது, இமை மூடித் திறக்கையில் எப்படி நெருங்கி மறுபடி பரவுகிறது என்று பார்க்க டெஃப்லானில் செய்த ஆழமில்லாத தொட்டி ஒன்று வைத்திருக்கிறோம். மேலே ஒரு தடுப்பு முன்னும் பின்னும் நகரும். அதுதான் எங்கள் இமை.

இந்த வேலையில் சுத்தம் என்றால் உங்கள் சுத்தம் இல்லை. தொட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றித் தடுப்பை நெருக்கினால் கருவியில் எண் அசையக்கூடாது. அசைந்தால் தண்ணீர்மேல் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். பெஞ்சமின் ஃபிராங்கிளின் லண்டனுக்குப் பக்கத்துக் கிளாபம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட்டதும் அரை ஏக்கர் தண்ணீர் கண்ணாடி மாதிரி அடங்கிப்போனதாக 1774இல் எழுதியிருக்கிறார். அரை ஏக்கருக்கு ஒரு தேக்கரண்டி என்றால், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு தொட்டியைக் கெடுக்க எவ்வளவு போதும் என்று நீங்களே கணக்குப் பாருங்கள். விரல்ரேகை ஒன்றே அதிகம்.

அந்த அறையில்தான் எனாமலும் தின்னரும் அடித்தீர்கள். நாற்றம் போக மல்லிகை வாசனை ஸ்பிரே அடித்தீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லாம் பளிச்சென்று இருக்கணும் என்று ஒப்பந்தத் துப்புரவுப் பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்தப் பெண் பாவம், தொட்டியைப் பாத்திரம் விளக்கும் சோப்புப் போட்டு நாரால் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. சோப்பு மூலக்கூறு ஒரு முனையால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மறு முனையை வெளியே நீட்டி நிற்கும். நாங்கள் அளக்கிற எண்ணெய்க்கு அது பங்காளி. டெஃப்லானில் நாரின் கீறல்கள், கீறலுக்குள் சோப்பு. குளோரோஃபார்ம், ஆல்கஹால், வெந்நீர் என்று மாற்றி மாற்றி ஒன்பது நாள் கழுவினேன். பத்தாம் நாளும் வெறும் தண்ணீரிலேயே எண் ஏறியது. அந்தப் பெண்மீது தப்பே இல்லை. விஷயம் தெரிந்ததும் என்னிடம் வந்து அழுதது அது மட்டும்தான். உங்கள் குழுவிலிருந்து யாரும் வரவில்லை.

ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்று ஒரு ஜெர்மன் பெண்மணி இருந்தார். பல்கலைக்கழகத்தில் படிக்க வழியில்லாமல் வீட்டைக் கவனித்துக்கொண்டே, ஒரு தகரத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் பரப்பு இழுவிசையை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு தன்னை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் விசையை, அளந்தார். 1891இல் இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். அவர் அதை நேச்சர் அறிவியல் இதழுக்கு அனுப்பி அச்சில் வரவைத்தார். நாங்கள் இன்று வைத்திருக்கும் தொட்டிக்கு அதுதான் பாட்டி. எனக்கு அந்த அம்மாவைப் பார்த்துப் பரிதாபமாக இருந்த காலம் உண்டு. இப்போது பொறாமையாக இருக்கிறது. அவர் சமையலறைக்குள் பராமரிப்புக் குழு வரவில்லை.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. குழு வந்த மூன்று நாளுக்கு மட்டும் குரோட்டன்ஸ் தொட்டிகளை வாடகைக்கு எடுத்து வாசலில் அடுக்கினீர்களே, அந்தப் பில் எத்தனை நாளில் பாஸ் ஆனது? எங்கள் குளோரோஃபார்ம் பில் நாலு மாதமாக மேசை மேசையாகப் போய்க்கொண்டிருக்கிறது. வாசல் வளைவில் 'ஆராய்ச்சியே எங்கள் மூச்சு' என்று ஃபிளக்ஸ் கட்டியிருந்தது. அதன் கீழே நின்று எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டீர்கள். அந்த ஃபிளக்ஸின் பின்பக்கம் நல்ல கறுப்பு. இப்போது அதைத்தான் கிழித்து இருட்டறைக் கதவிடுக்கில் வைத்திருக்கிறேன். இந்த ஊரை ஒரு காலத்தில் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். வெள்ளைப் பகுதியைப் பார்க்க இன்றைக்கும் வெளியூர்க்காரர்கள் கூட்டமாக வருகிறார்கள். வரட்டும். எங்களுக்கு நகரம் எல்லாம் வேண்டாம், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கறுப்பு அறை போதும்.

கோபத்தில் வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்று தெரியும். வெள்ளை அடித்தால் நல்லது என்று நினைத்தீர்கள். கேட்காமல் செய்ததுதான் வினையாகிவிட்டது.

பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அந்த அறையைப் பழையபடி கறுப்பாக்கிக் கொடுங்கள். பளபளப்பில்லாத கறுப்பு, சுவரோடு கூரைக்கும் சேர்த்து. அடித்த பிறகு வாசனை போகும்வரை நடுக்கதவைத் திறக்காமல் இருந்தால் பக்கத்து அறையும் பிழைக்கும். தானாக எரியும் விளக்கைக் கழற்றிவிடுங்கள். வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால், வந்திருப்பது யாராக இருந்தாலும், வெளியே காத்திருக்கச் சொல்லுங்கள். ஆள் அனுப்பச் சிரமம் என்றால் பெயிண்டை மட்டும் வாங்கிக் கொடுங்கள். அதற்கும் பரிசீலனை வேண்டும் என்றால் சொல்லுங்கள், நானே வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அடித்துவிடுகிறேன். இரண்டு முதலாமாண்டுப் பிள்ளைகள் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

முடிந்தால் தேவனாம்பட்டினத்துப் பெரியவருக்கு உங்கள் தரப்பிலிருந்து ஒரு போன் பண்ணுங்கள். நான் கூப்பிட்டால் வலை பின்னுகிறேன் என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
பின்கட்டடத்து இரண்டு அறைகளின் ஆய்வக உதவியாளர்

பி.கு.: விளக்கைக் கழற்ற வருகிறவர் தயவுசெய்து கொட்டாங்குச்சியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போகவும். இன்னும் உங்கள்மேல் முழு நம்பிக்கை வரவில்லை.