வேலையும் இலக்கும் ஆங்கிலத்தில் பேச: 9, 10ஆம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் வாரம் இரண்டு ஆங்கிலப் பாடவேளைகளை ஒரே வேலைக்கு ஒதுக்கியிருக்கிறோம். வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள், தனக்கு எதில் ஆசை, அடுத்து என்ன படிக்கப்போகிறோம் என்பதை ஆங்கிலத்தில் வாய்விட்டுச் சொல்லப் பழகுவதுதான் அது. நாளைக்கு எந்த நேர்காணலுக்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். கட்டுரையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள்கூட இந்தச் சின்னக் கேள்விகளில் திணறிவிடுகிறார்கள். வீட்டில் தினம் பத்து நிமிடம் நீங்கள் கூட உட்கார்ந்தால் இது சரியாகும். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

"வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?" (அப்பா என்ன வேலை பார்க்கிறார்?) என்று கேட்டால் பல பிள்ளைகள் "கூலி" என்று ஒற்றைச் சொல்லை முணுமுணுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கூச்சம் ஒரு பக்கம். சொல்ல வார்த்தை இல்லாதது இன்னொரு பக்கம். வார்த்தை கிடைத்தால் கூச்சமும் குறையும். பதவிப் பெயரைத் தேட வேண்டாம், செய்கிற வேலையைச் சொன்னாலே போதும். கொத்தனார் வீட்டுப் பிள்ளை "ஹி பில்ட்ஸ் ஹவுசஸ்" என்று சொல்லலாம். "ஹி டிரைவ்ஸ் எ லோட் ஆட்டோ", "ஷி ரன்ஸ் எ டிஃபன் கடை" என்று தொடங்கினாலும் தப்பில்லை. 'கடை' இரண்டாம் நாளில் 'ஷாப்' ஆகிவிடும். வயல் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு "ஷி வர்க்ஸ் ஆன் எ ஃபார்ம்". வெளிநாட்டில் வயரிங் வேலை பார்க்கும் அப்பாவுக்கு "ஹி வர்க்ஸ் இன் துபாய் ஆஸ் அன் எலக்ட்ரீஷியன்". உங்கள் வேலையை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தெரியாவிட்டால், என்னென்ன செய்கிறீர்கள் என்பதைத் தமிழில் பிள்ளையிடம் விவரமாகச் சொல்லி அனுப்புங்கள். வாக்கியத்தை வகுப்பில் அமைத்துக்கொள்கிறோம்.

இந்த வாக்கியங்களில் இரண்டு சின்ன ஒலிகள் ஓயாமல் விழுந்துவிடும். "அம்மா டெய்லர்" என்பது தமிழில் முழு வாக்கியம். அதே பழக்கத்தில் "மை மதர் டெய்லர்" என்கிறார்கள். "மை மதர் இஸ் எ டெய்லர்" என்று வர வேண்டும். இன்னொன்று வினைச்சொல்லின் வால்: அவர், அவள் என்று பேசும்போது 'டிரைவ்' என்பது 'டிரைவ்ஸ்' ஆக வேண்டும், 'ரன்' என்பது 'ரன்ஸ்' ஆக வேண்டும். ஆங்கிலமே படிக்காதவர் காதுக்கும் இந்த 'இஸ் எ', இந்த 'ஸ்' இரண்டும் கேட்கும். நீங்கள் கவனிக்க வேண்டியது இவ்வளவுதான். வாக்கியம் முடிந்த பிறகு "ஸ் வந்துச்சா?" என்று கேளுங்கள், பிள்ளையே திருத்திக்கொள்ளும்.

அடுத்த தொல்லை, 'வேலைக்கு', 'படிப்பில்' என்று நாம் சொல்லோடு ஒட்டிப் பேசும் 'க்கு', 'இல்' எல்லாம் ஆங்கிலத்தில் தனிச் சொல்லாக முன்னால் நிற்பது. ஒட்டிப் பழகிய வாய் அதைத் தவறவிடுகிறது. 'வேலைக்கு விண்ணப்பித்தேன்' என்பதை "ஐ அப்ளைட் த ஜாப்" என்கிறார்கள். "ஐ அப்ளைட் ஃபார் த ஜாப்" என்பதே சரி. தேவையில்லாத இடத்தில் சேர்ப்பதும் உண்டு: 'பற்றிப் பேசினோம்' என்று மனதில் ஓடுவதால் "டிஸ்கஸ்ட் அபௌட்" என்று வருகிறது, அங்கே 'அபௌட்' வேண்டாம். "ஐ ஆம் இன்ட்ரஸ்டிங் இன் கம்ப்யூட்டர்ஸ்" என்பது மிக அடிக்கடி காதில் விழும் பிழை. 'இன்ட்ரஸ்டிங்' என்றால் நான் சுவாரசியமானவன் என்றாகிவிடும். ஆர்வம் இருக்கிறது என்பதற்கு "இன்ட்ரஸ்டட் இன்".

அதனால்தான் சொல்லுக்கு நேரே தமிழ் அர்த்தம் எழுதும் பட்டியலை நிறுத்திவிட்டோம். 'கோல் - இலக்கு' என்று நூறு தடவை எழுதினாலும் அதை வைத்து ஒரு வரி பேச வராது. 'செட் எ கோல்', 'மேக் எ பிளான்', 'டூ எ கோர்ஸ்', 'கெட் எ ஜாப்', 'குட் அட் டிராயிங்' என்று சேர்த்தே எழுத வேண்டும், சேர்த்தே சொல்ல வேண்டும். 80 பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் அந்தத் தொடர், வலப்பக்கம் பிள்ளையின் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். கைடில் இருந்து காப்பியடித்த வாக்கியம் ஏற்கப்படாது.

இலக்கு என்று வரும்போது பலரும் "மை எய்ம் இஸ் டு பிகம் எ டாக்டர்" என்ற ஒரே வரியைச் சொல்லி நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்டால் பதில் இல்லை. நாங்கள் எதிர்பார்ப்பது நான்கு வரி. பாலிடெக்னிக் போக நினைக்கும் பிள்ளை இப்படிச் சொல்லலாம்: "ஐ ஆம் குட் அட் ரிப்பேரிங் திங்ஸ். ஆஃப்டர் டென்த், ஐ ஆம் கோயிங் டு ஜாயின் எ பாலிடெக்னிக். த டிப்ளமா டேக்ஸ் த்ரீ இயர்ஸ். திஸ் மன்த், ஐ வில் ஃபினிஷ் டூ மேத்ஸ் சாப்டர்ஸ்." (எனக்குப் பழுதுபார்க்க நன்றாக வரும்; பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக்கில் சேரப்போகிறேன்; டிப்ளமாவுக்கு மூன்று வருடம் ஆகும்; இந்த மாதம் இரண்டு கணக்குப் பாடங்களை முடிப்பேன்.) மூன்றாவது வரியில் 'மூணு வருஷம் ஆகும்' என்பதை அப்படியே பெயர்த்து 'பிகம்' என்று போடுகிறார்கள், காலத்துக்கு 'டேக்ஸ்'. இரண்டாவது வரியில் 'ஆம்' விழுந்து "ஐ கோயிங்" ஆகிவிடும், அதையும் கவனியுங்கள். கடைசி வரிதான் கடினம். "ஐ வில் ஸ்டடி வெல்" (நன்றாகப் படிப்பேன்) என்று மட்டும் எழுதினால் திருப்பி அனுப்புவோம். என்ன, எத்தனை, எந்தத் தேதிக்குள் என்பது வர வேண்டும்.

எவ்வளவு உறுதி என்பதற்கேற்ப வினை மாறும் என்பதையும் சொல்லித்தருகிறோம். முடிவு செய்துவிட்டால் 'கோயிங் டு', ஆசை மட்டும் இருந்தால் 'வான்ட் டு', பெரியவரிடமோ நேர்காணலிலோ பணிவாகச் சொல்ல 'வுட் லைக் டு', நடக்கும் என்ற நம்பிக்கைக்கு 'ஹோப் டு'. இன்னும் முடிவெடுக்காத பிள்ளைக்கு "ஐ ஹாவன்ட் டிசைடட் யெட்" என்பதும் நல்ல பதில்தான். அதைச் சொன்னதற்காக வீட்டில் கோபிக்க வேண்டாம். எந்தப் படிப்புக்கு என்ன தகுதி என்ற குழப்பம் இருந்தால், 2022 மார்ச்சில் அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் வழிகாட்டலைப் பற்றி வகுப்பாசிரியரிடம் கேளுங்கள்.

வீட்டுப் பயிற்சிக்கு வாரம் ஐந்து தொடர்களே போதும். இருபது கொடுத்தால் ஒன்றும் தங்காது. திங்களன்று படித்ததைப் புதனன்று நோட்டைப் பார்க்காமல் சொல்ல வேண்டும், அடுத்த திங்களன்று மறுபடி, மாதக் கடைசியில் இன்னொரு முறை. இடைவெளி விட்டு நினைவுபடுத்தினால்தான் மனதில் நிற்கும். ஒரே நாளில் முப்பது தடவை சொல்வது அன்றைக்கு மட்டும்தான். நீங்கள் தமிழிலேயே கேளுங்கள்: "பத்தாவது முடிச்சு என்ன பண்ணப்போற?" பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லட்டும். போன் இருந்தால் அரை நிமிடம் பதிவு செய்து அவர்களே கேட்டுப் பார்க்கட்டும்.

தயவுசெய்து மூன்றைத் தவிர்த்துவிடுங்கள். பாதி வாக்கியத்தில் குறுக்கிட்டுத் திருத்துவது, உறவினர் முன்னால் நிறுத்தி "இங்கிலீஷ்ல பேசிக் காட்டு" என்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது. இந்த மூன்றில் எது நடந்தாலும் மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளை வாயே திறப்பதில்லை. முப்பது நாளில் ஆங்கிலம் என்ற விளம்பரத்தை நம்பி ஆயிரக்கணக்கில் பணம் கட்டவும் வேண்டாம். அந்தப் பணம் மேற்படிப்புச் சேர்க்கைக்கு உதவும்.

வெள்ளிக்கிழமை தோறும் நோட்டு வகுப்பாசிரியரிடம் வரும். ஞாயிறு இரவுக்குள் பார்த்து, வலப்பக்கத்தின் அடியில் கையெழுத்திடுங்கள்; கைநாட்டும் சரியே. வேலை காரணமாக இரவு வீட்டில் இருக்க முடியாதவர்கள் தெரிவித்தால், அந்தப் பிள்ளைகளுக்கு மாலை 4.15 முதல் 4.30 வரை பள்ளியிலேயே பயிற்சி தருகிறோம். நோட்டு வாங்க இயலாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், பள்ளியில் இருக்கிறது.

அன்புடன்,
தலைமையாசிரியர்