அட்டைப்பெட்டியில் உம் குல்தூம்

தோஹா,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மாரியப்பா,

கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்ததில் மகிழ்ச்சி. அந்த மூட்டுவலியோடு இன்னும் சைக்கிள் மிதிக்கிறாய் என்பதைத்தான் நம்ப முடியவில்லை. எனக்கு இங்கே இன்னும் ஏழு மாதம். பிறகு கோவில்பட்டிதான்.

எங்கள் அலுவலகத்து எகிப்துக்காரர் ஒரு படப்புத்தகம் கொடுத்தார். ஷாந்த் அவெதிசியான் என்ற ஓவியருடையது. 1951இல் கெய்ரோவில் ஆர்மீனிய அகதிக் குடும்பத்தில் பிறந்தவர், 2018இல் காலமாகிவிட்டார். புரட்டப் புரட்ட உன் ஞாபகம்தான். தேர்தல் நேரத்தில் சின்னத்தைத் தகட்டில் வெட்டிச் சுவர் சுவராக அடிப்பாயே, அதே ஸ்டென்சில் வேலை! பழைய பத்திரிகைப் படங்களில் இருந்து முகங்களை எடுத்து, வெட்டி, பொட்டலம் கட்டும் பழைய அட்டையில் வண்ணம் ஏற்றியிருக்கிறார். கேன்வாஸ் கிடையாது. பிசினில் குழைத்த வண்ணப்பொடிதான். சுடாத மண்செங்கல்லில் வீடு கட்டிய எகிப்துக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபத்ஹியிடம் வேலை பார்த்தவர் அல்லவா, உள்ளூர்ப் பொருளே போதும் என்ற பிடிவாதம் அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

ஒரு படத்தில் பாடகி உம் குல்தூம். கறுப்புக் கண்ணாடி, தூக்கிக் கட்டிய கொண்டை, சுற்றிலும் பூவேலை. நம் கொண்டையராஜு காலண்டரில் சரஸ்வதி அமர்ந்திருப்பதுபோல ஒரு தோரணை. கிண்டலா, பக்தியா என்று எனக்குப் பிடிபடவில்லை. எகிப்துக்காரர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார். அந்தக் காலத்தில் மாதத்தின் முதல் வியாழன் இரவு வானொலியில் உம் குல்தூம் கச்சேரி வந்தால் தெருவே காலியாகிவிடுமாம். தன் அப்பா பக்கத்து வீட்டு வானொலிக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வாராம். சொல்லிவிட்டுக் கொஞ்சம் முனகியும் காட்டினார். சுருதி சேரவில்லை, பரவாயில்லை.

இன்னொரு வேடிக்கை. 1952இல் அரியணை இழந்த எகிப்தின் ஃபாரூக் மன்னரும் இருக்கிறார், அவரை இறக்கிய நாசரும் இருக்கிறார். இருவருக்கும் அதே அட்டை, அதே பூ. அகதி வீட்டுப் பிள்ளைக்கு எகிப்து முழுவதும் சொந்தம். யாரையும் விலக்கவில்லை, யாரையும் கும்பிடவும் இல்லை. நான் நாற்பது வருடம் வெளியூரில் இருந்தவன், எனக்கு இது உறைத்தது. எல்லாப் படமும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். இருபது பக்கத்துக்கு மேல் ஒரே பாணி அலுக்கத்தான் செய்கிறது.

2013இல் இதே தோஹாவில் அந்த அட்டைகளின் ஒரு தொகுப்பு 15 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனதாம். ஃபிளெக்ஸ் வந்தபோது உன் தகடுகளை எடைக்குப் போட்டாயே, பாவி!

மீதி ஏதும் பரணில் இருந்தால் பத்திரமாக வை. அவர் குழைத்த பிசின் நம் ஊர்க் கருவேலம் பிசினுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரிதான். நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி வை, காசு வந்து தருகிறேன். அட்டைக்கு என் பெட்டிகளே போதும்.

உன்,
சண்முகம்