எந்தப் பணம் எந்த வருடத்துக்கு?

கயல் கண்ணு,

போனில் நீ வெள்ளி இ.டி.எஃப் பற்றிக் கேட்ட நேரம் பால்காரர் வந்துவிட்டார். அரைகுறையாகச் சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி முழுக்க அதே யோசனை, அதனால் எழுதுகிறேன். இ.டி.எஃப் என்றால் ஷேர் போலவே சந்தையில் யூனிட்டாக வாங்கி விற்கும் ஃபண்ட். வெள்ளி இ.டி.எஃப் அந்தப் பணத்தை வெள்ளியில் போட்டு வைக்கும்.

வரப்போகும் நாலு லட்சத்தில் என்ன வாங்கலாம் என்கிறாய். முதலில், எவ்வளவு பணம் எந்த வருடம் கைக்கு வேண்டும் என்று நீயும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து எழுதுங்கள். புனே வீட்டுக்கு முன்பணம் இரண்டு வருடத்தில் கட்ட வேண்டும் என்றாய் அல்லவா? அந்தப் பணத்தை வெள்ளியிலும் போடாதே, பெரிய கம்பெனிகளின் ஷேர்களில் போடும் நிஃப்டி இ.டி.எஃபிலும் போடாதே. பேசாமல் எஃப்.டி.யில் போட்டுவிடு.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் 2020இல் நான் பட்டபாடு. உன் தம்பியின் காலேஜ் ஃபீஸுக்கு ஒதுக்கிய பணத்தை, பேங்கில் சும்மா கிடக்கிறதே என்று நிஃப்டி இ.டி.எஃபில் போட்டு வைத்தேன். ஜனவரியில் 12,400 புள்ளி வரை போன நிஃப்டி குறியீடு, மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. மறுநாள் 7,600க்கும் கீழே போய் வந்தது. ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும், இன்னும் விழுந்தால் என்ன செய்வது என்று பயந்து ஏப்ரல் முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் விற்றேன். ஃபீஸுக்குக் குறைவாக விழுந்த தொகையை ஈடுகட்ட அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. கடைக்காரர் கல்லில் உரசிப் பார்த்தபோது அவள் தெருப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அதே நிஃப்டி நவம்பரில் ஜனவரி உச்சத்தைத் தாண்டியது. ஃபீஸ் நவம்பர் வரை காத்திருக்குமா?

அதற்காக நிஃப்டி இ.டி.எஃபே கூடாது என்று நினைத்துவிடாதே. உங்கள் வயதான காலத்துக்கான பணத்துக்கு அதுதான் என் விருப்பம். ஒரு யூனிட் வாங்கினாலே ஐம்பது பெரிய கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு. பெரிய ஃபண்டுகளில் லட்ச ரூபாய்க்கு வருடச் செலவு நூறு ரூபாய்கூட வராது. பி.எஃப். நிறுவனமே 2015 முதல் நம் பணத்தில் ஒரு பகுதியை இ.டி.எஃபில் போட்டு வருகிறது. ஒன்று மட்டும், பொதுவாக மாதாமாதம் நீயே ஞாபகமாக ஆர்டர் போட வேண்டும். வேலை மும்முரத்தில் மறந்துவிடுவாய் என்றால் அதே ஐம்பது கம்பெனிகளில் போடும் நிஃப்டி இன்டெக்ஸ் ஃபண்டில் எஸ்.ஐ.பி. போடு, மாதாமாதம் பணம் தானாகப் போய்விடும். செலவு கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை.

குட்டிக்கு நகை சேர்க்க அம்மா ஆசைப்படுகிறாள். கல்யாண வயதுக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. இப்போதே நகையாக வாங்கினால் செய்கூலி, சேதாரம் எல்லாம் முதல் நாளே போய்விடும். தங்க இ.டி.எஃபில் சேர்த்து வா, நகை வேண்டிய அன்று விற்றுப் பணமாக்கிக்கொள்ளலாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இப்போது வெள்ளி. 2025 அக்டோபரில் தீபாவளிக்கு முன் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்க ஓடினார்கள். நாட்டில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு. சில வெள்ளி இ.டி.எஃப் யூனிட்கள், அவற்றுக்குப் பின்னால் இருந்த வெள்ளியின் மதிப்பைவிடப் பத்து சதவீத அளவுக்குக் கூடுதலாக விலைபோயின. நூறு ரூபாய் வெள்ளியை நூற்றிப் பத்துக்கு வாங்கினால், வெள்ளி விலை அப்படியே நின்றாலும் அந்தப் பத்து ரூபாய் கரைந்துவிடும். ஒரு யூனிட்டுக்குப் பின்னால் உள்ள வெள்ளியின் மதிப்பை ஐஎன்ஏவி என்ற பெயரில் ஃபண்டின் வெப்சைட்டில் சந்தை நேரம் முழுக்கப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். சந்தை விலை அதை ஒட்டி இருந்தால் வாங்கு, எட்டி நின்றால் விட்டுவிடு. அப்புறம், கிடைத்த விலைக்கு வாங்கும் மார்க்கெட் ஆர்டர் வேண்டாம், விலை குறித்து லிமிட் ஆர்டரே போடு. வியாபாரம் குறைவாக நடக்கும் இ.டி.எஃபில் மார்க்கெட் ஆர்டர் போட்டால் எந்த விலைக்கு விழும் என்று சொல்ல முடியாது.

வெள்ளி வாங்கியே தீருவேன் என்றால் அரை லட்சத்துக்கு மேல் வேண்டாம் கண்ணு. ஆர்டர் போடும் முன் சந்தை விலை, ஐஎன்ஏவி இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பு. காலை பத்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா
ஈரோடு