உலர் சரக்கு என்ற பெயரை நம்பிவிடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சரக்குக் கப்பல்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மலைமேல் இருக்கிற எங்களுக்காகக் கடலைப் பற்றி எழுதியதில் சந்தோஷம். ஆனால், தாதுவும் நிலக்கரியும் ஏற்றும் பல்க் கேரியர்களில் இருப்பது உலர் சரக்கு, அதனால் ஆபத்து குறைவு என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருஷம் பல்க் கேரியர்களில் வேலை பார்த்து, போசனாக, அதாவது டெக் வேலையாட்களின் தலைவனாக, ஓய்வு பெற்றவன் நான்.

மூட்டை, பெட்டி எதுவும் இல்லாமல் அப்படியே கொட்டி ஏற்றுகிற சரக்குக்குத்தான் உலர் சரக்கு என்று பெயர். அதற்குள் ஈரம் இல்லை என்று அர்த்தம் கிடையாது. இரும்புத் தாதுத் தூளும் நிக்கல் தாதுவும் திறந்தவெளியில் மலைபோல் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அத்தனையும் குடித்துக்கொள்ளும். ஏற்றும்போது கெட்டியாகத்தான் தெரியும், மேலே ஏறி நடக்கலாம். கப்பல் கிளம்பியதும் இன்ஜின் அதிர்வும் அலையின் ஆட்டமும் குவியலை இறுக்கிக்கொண்டே வரும். நடுவில் மாட்டிய தண்ணீருக்குப் போக வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மண்மணிகளை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் பிரித்துவிடும். அவ்வளவுதான், ஆயிரக்கணக்கான டன் சரக்கு குழம்பாகிவிடும். கப்பல் சாய்கிற பக்கம் வழிந்து ஓடும், நிமிரும்போது முழுசாகத் திரும்பி வராது. அடுத்தடுத்த அலையில் சாய்வு கூடும். உயிர்காப்புப் படகை இறக்கக்கூட நேரம் கிடைக்காமல் போகலாம்.

நீலகிரிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 82 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் அப்போது லீவில் வந்திருந்தேன். முந்தின நாள் வரை நாங்கள் நடந்த மேடு, தேயிலைச் செடிகளோடு கஞ்சி மாதிரி ரோட்டில் கிடந்தது. அதே வருஷம் ஜூலையில் மங்களூருக்கு வெளியே ஏஷியன் ஃபாரஸ்ட், செப்டம்பரில் பாராதீப் அருகே பிளாக் ரோஸ் என்று இரண்டு கப்பல்கள் மூழ்கின. இரண்டிலும் இரும்புத் தாதுத் தூள். மலையில் நடந்ததுதான் கப்பலுக்குள்ளும் நடந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

2015 ஜனவரி 2-ஆம் தேதி பாக்சைட் ஏற்றிய பல்க் ஜூபிடர் வியட்நாம் பக்கம் மூழ்கியபோது, 19 பேரில் சமையல்காரர் ஒருவர்தான் பிழைத்தார். 2017 அக்டோபரில் நிக்கல் தாதுவோடு மூழ்கிய எமரால்டு ஸ்டாரில் இருந்த 26 பேரும் நம் நாட்டுக்காரர்கள். பத்துப் பேர் திரும்பவில்லை. 2008 முதல் 2017 வரை பல்க் கேரியர் விபத்துகளில் இறந்த 202 பேரில் 101 பேர் இப்படிச் சரக்கு குழம்பானதால் போனவர்கள் என்று உலர் சரக்குக் கப்பல் உரிமையாளர்களின் சங்கமான இன்டர்கார்கோ கணக்குக் கொடுத்திருக்கிறது. சரிபாதி. இதையா ஆபத்து குறைவு என்பது?

விதி இல்லாமல் இல்லை. கொட்டி ஏற்றும் சரக்குகளுக்கான சர்வதேச விதித்தொகுப்பு (ஐ.எம்.எஸ்.பி.சி.) 2011 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழம்பாகக்கூடிய சரக்கு என்றால், அது எவ்வளவு ஈரம் தாங்கும், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று இரண்டு கணக்கையும் சரக்கு அனுப்புகிறவர் தர வேண்டும். ஈரச் சோதனை ஏற்றுவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஏற்றமாட்டேன் என்று சொல்லும் உரிமை கேப்டனுக்கு உண்டு. ஆனால் ஒரு துறைமுகத்தில் நானே பார்த்தேன். காகிதத்தில் ஈரம் எல்லைக்குள் இருந்தது. கிராப் என்கிற அள்ளும் வாளி வாயைத் திறந்து தாதுவைக் கொட்டியபோதோ, ஹேட்ச் என்று நாங்கள் சொல்லும் சரக்கு அறையின் சுவரில் ஆள் உயரத்துக்குச் சேறு தெறித்தது. காய்ந்த தூள் அப்படித் தெறிக்காது. கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான சீஃப் மேட்டிடம் ஓடினேன். கேப்டன் வேலையை நிறுத்தினார். சரக்குக்காரரின் ஆட்கள் இரண்டு நாள் சத்தம் போட்டார்கள். அவர் அசையவில்லை. நான் உட்கார்ந்து இந்தக் கடிதம் எழுதுகிறேன் என்றால் அந்த மனுஷன்தான் காரணம்.

கப்பலுக்குப் போகிற பையன்கள் கோத்தகிரியில் என் வீட்டுக்கு வந்து, சம்பளம் எவ்வளவு, லீவு எத்தனை மாசம் என்று கேட்பார்கள். நான் முதலில் ஓடைக்கரை வண்டலை ஒரு தகர டப்பாவில் பாதி நிரப்பி அவர்கள் கையில் கொடுப்பேன். ஒரு சாண் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் 25 தடவை தட்டச் சொல்வேன். பத்துப் பன்னிரண்டு தட்டு வரை ஒன்றும் தெரியாது. அப்புறம் மேல்பரப்பு பளபளக்கும், தண்ணீர் மேலே வரும், கட்டியாக இருந்த மண் தயிர்போல ஆடும். கப்பலில் செய்கிற டப்பா சோதனையும் இதுதான். தண்ணீர் வந்தால் ஏற்றாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். வரவில்லை என்பதற்காகச் சரக்கு நல்லது என்று முடிவு கட்டவும் கூடாது.

அந்த வரிக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள் ஐயா. அதோடு, ஹேட்ச் சுவரில் சேறு தெறித்தால் உடனே சீஃப் மேட்டிடம் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அடுத்த மாதம் எங்கள் பக்கத்து ஊரிலிருந்து இரண்டு பையன்கள் கப்பல் ஏறுகிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற போசன்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.