என் தம்பியின் கேஸ் யார் கையில் இருக்கிறது?

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போதை மீட்பு வார்டுகளின் நிலைமை உங்களுக்குத் தெரியாததல்ல. அதனால் போன மாதம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

தம்பியை நான்காவது முறையாக அதே அரசு மருத்துவமனையில், அதே வார்டில் சேர்த்தோம். புது ஓபி சீட்டு, புது டாக்டர். "குடியை நிறுத்தினப்போ எப்பவாவது பிட்ஸ் வந்திருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்லியிருக்கிறான். நான் மில்லில் நைட் ஷிப்ட். மறுநாள் ராத்திரி வலிப்பு வந்து, கட்டில் கம்பியில் நெற்றி மோதி, மூன்று தையல்.

இரண்டாம் முறை சேர்த்தபோதும் வந்ததுதான். டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியே இருக்கிறது. அந்தச் சீட்டு என் வீட்டில், அரிசி டிரம் மேலே, மஞ்சப்பைக்குள் கிடந்தது. ஒரு தடவை வந்தால் மறுபடி வர வாய்ப்பு அதிகமாம். தையல் போட்ட பிறகு நர்ஸம்மா சொன்னார். ஆஸ்பத்திரிக்கு என் மஞ்சப்பைதான் ரெக்கார்டு ரூம்.

மூன்றாம் முறை கொடுத்த டைசல்பிராம் மாத்திரையை, அதாவது குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரையை, அவன் பத்தே நாளில் விட்டுவிட்டான். மாத்திரை வாங்க வராதவனை யாரும் தேடவில்லை.

டாக்டர் மேல் எனக்குக் குறையில்லை, ஒரு ராத்திரியில் அவர்தான் எத்தனை பேரைப் பார்ப்பார். நான் கேட்பது, ஒரு நோயாளிக்கு ஒரு ஆள். கேஸ் மேனேஜர் என்பீர்களோ, சமூகப் பணியாளர் என்பீர்களோ, உங்கள் விருப்பம். பழைய சீட்டைப் படித்தவராக, ரிவ்யூவுக்கு வராவிட்டால் போன் போடுபவராக இருந்தால் போதும்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடி நோயும் அடக்கம். டிஸ்சார்ஜுக்கு முன் நோயாளியோடும் வீட்டாரோடும் பேசி, அடுத்த சிகிச்சையை முடிவு செய்யச் சொல்கிறது 98ஆம் பிரிவு. எங்களிடம் பேசியது, "பெட் காலி பண்ணுங்க."

டாஸ்மாக் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்கள். எந்தக் கடையில் விற்றது என்று தெரிகிறது, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாயும் உண்டு. குடித்தவன் எந்த வார்டில் எத்தனை தடவை படுத்தான் என்பதற்குத்தான் ஸ்டிக்கர் இல்லை.

சரி, பேச்சு எங்கோ போய்விட்டது, மன்னியுங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள், அவ்வளவுதான்.

வரும் செவ்வாய்க்கிழமை தம்பிக்கு ரிவ்யூ. வருவானா, தெரியாது. வராவிட்டால் ஏன் என்று கேட்டு ஒரு போன் வர ஏற்பாடு செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். என் நம்பரைப் புதுச் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு அக்கா