பொன்னிறம் தந்த கிணற்றுத் தண்ணீருக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் துண்டுத் துணிகளைச் சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கும் குயில்ட்களின் எங்கள் மூன்றாவது கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. கடைசிக் குயில்ட்டைக் கம்பிலிருந்து இறக்கி மடிக்கும்போதே இந்த மடலை எழுதிவிட வேண்டும் என்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது. நன்றி சொல்ல வேண்டியவர்களில் பாதிப் பேர் "பேரெல்லாம் போட்டுடாதேம்மா" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி திருவான்மியூரில் ஒரு வீட்டுக் கிணற்றுக்கும் அந்த வீட்டு மாமிக்கும்.

சாய வேலையில் பாதிக்கு மேல் தண்ணீர் வேலை. கஞ்சி போகத் துணியை அவிக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், படிகாரத்தில் முக்க வேண்டும், சாயத்தில் காய்ச்ச வேண்டும், பிறகு தண்ணீர் தெளியும்வரை அலசிக்கொண்டே இருக்க வேண்டும். ஆதம்பாக்கத்தில் எங்கள் தெரு போர் தண்ணீரை வாளியில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் அடியில் செம்மண் மாதிரி படியும். அது அத்தனையும் இரும்பு. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காய் மை செய்ததே இந்த வழியில்தான்.

மூன்று வருடம் முன்னால், ஆயுத பூசைக்கு மறுநாள், கோயம்பேட்டில் விற்காமல் நின்றுபோன செண்டுமல்லியைப் பூக்கார அக்கா ஒருவர் இரண்டு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "குப்பைக்குப் போறத நீ துணிக்குப் போடு" என்றார். முப்பது மீட்டர் காடாத் துணிக்குக் கடுக்காயும் படிகாரமும் ஏற்றி, அந்தப் பூவில் காய்ச்சினேன். பொன்னாக வர வேண்டிய துணி, மழையில் பாசி பிடித்த மதில் சுவரின் நிறத்தில் வந்தது. முப்பது மீட்டரும் அப்படியே. மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதேன்.

என் சாய வகுப்புக்கு வந்து பழக்கமான மாமி இதைக் கேள்விப்பட்டு போன் செய்தார்: "எங்காத்துக் கிணத்துத் தண்ணிய ஒரு தரம் எடுத்துண்டு போய்ப் பாரேன்." திருவான்மியூரிலிருந்து தெற்கே கடலோரமாகப் போகும் மணல்பகுதித் தண்ணீரைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன். வாளியில் விட்டபோதுதான் கண்ணால் பார்த்தேன். அடியில் ஒரு தூசி இல்லை. காயவைத்திருந்த மீதிப் பூவை அந்தத் தண்ணீரில் காய்ச்சி இன்னொரு துண்டை முக்கினேன். கல்யாணத்துக்கு நனைத்த மஞ்சள் கயிறு போலப் பளிச்சென்று வந்தது. பூ அதே பூ, துணி அதே துணி. அன்றிலிருந்து வாரம் தவறாமல் அந்தக் கிணறு எங்களுக்குத் தண்ணீர் தருகிறது. அரங்கில் எல்லோரும் நின்று பார்த்த மஞ்சள் குயில்ட்டின் நிறம் அந்தக் கிணற்றினுடையது.

அந்தத் தண்ணீரைச் சுமந்துவரும் ஆட்டோ அண்ணனுக்கும் பெரிய நன்றி. ஒவ்வொரு வியாழக்கிழமையும் எட்டு கேன். "சவாரிக்குக் கேக்கறதுதாம்மா, கேனுக்குத் தனியா எதுக்கு?" என்று மேற்கொண்டு ஒரு ரூபாய் வாங்கியதில்லை. அவருடைய பழைய காக்கிச் சட்டையின் முதுகுத் துண்டு இரண்டாவது குயில்ட்டின் கீழ் வரிசையில் இருக்கிறது. கண்காட்சிக்குத் தன் மகளை அழைத்துவந்து விரல் வைத்துக் காட்டினார்.

தண்ணீரைப் பற்றி இவ்வளவு எழுதக் காரணம் உண்டு. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது நினைவிருக்கும். அந்தக் கோடை முழுக்க நான் சாயப் பானையைத் தொடவில்லை. குடத்தோடு தெருவில் ஆட்கள் நிற்கும்போது துணி அலச மனம் வரவில்லை. அதன் பிறகுதான் அலசிய தண்ணீரை மூன்று தொட்டியாகப் பிரித்து, கடைசித் தொட்டித் தண்ணீரை அடுத்த துணிக்கு முதல் அலசலாக வைக்கும் பழக்கம் வந்தது. வகுப்புக்கு வந்த எல்லோரும் அதைக் கேள்வி கேட்காமல் கடைப்பிடித்தீர்கள்.

அடுத்து, எங்கள் வீட்டு உரிமையாளருக்கும் மாடிக் குடித்தனங்களுக்கும். நீலச் சாயம் தரும் அவுரித் தொட்டியின் வாடையைப் பொறுத்துக்கொண்டதற்கு இந்த நன்றி. திண்டிவனம் பக்கத்திலிருந்து வரும் அவுரிக் கட்டியை அரைத்து, சுண்ணாம்பு சேர்த்து, தகரை விதையை வேகவைத்து ஊற்றி, மூடி வைத்தால் நாலைந்து நாளில் புளிக்கத் தொடங்கும். வெயில் காலத்தில் சீக்கிரமே. மாட்டுத்தொழுவ வாடை வரும். சாயம் தயாராகிவிட்டதற்கு அந்த வாடையும் ஓர் அடையாளம். மேலே செம்பு மினுக்கும் ஆடை கட்டி, நடுவில் நீல நுரை பூத்து நிற்கும். "இன்னிக்குத் தொட்டி கெட்டுப்போச்சா?" என்று கவலையாக விசாரித்த இரண்டாம் மாடிப் பாட்டி, ஒரு நாள் தானே ஒரு வெள்ளை வேட்டியை எடுத்துவந்து முக்கினார். தொட்டிக்குள்ளிருந்து எடுக்கும்போது துணி பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் ஓரத்திலிருந்து நீலம் ஊர்ந்து உள்ளே வரும். பாட்டி வேட்டியை விரித்துப் பிடித்தபடி, "யாரோ உள்ளேர்ந்து பெயிண்ட் அடிக்கிற மாதிரி இருக்கே" என்றார். பதினைந்து வருடமாக நீலம் ஏற்றுகிறேன், இதைவிடச் சரியாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. மாடித் தரையில் தொட்டி வைத்த இடத்தில் ஒரு நீல வட்டம் விழுந்துவிட்டது. உரிமையாளர் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யாரென்று சொல்லாமல், மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு வகுப்புக் கட்டணம் கட்டியவரே, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்தப் பிள்ளைகள்தான் எனக்குச் 'சாயக்கார அக்கா' என்று பேர் வைத்தார்கள். அதில் ஒரு பையன், "இதை வச்சு வயிறு நிறையுமாக்கா?" என்று நேராகக் கேட்டான். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலக் கலைஞர் கிராமத்து ஓவியர்கள் ஆரம்ப நாட்களில் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாட்டிக் துணி செய்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள் என்று அவனிடம் சொன்னேன். மறுவாரம் மெழுகும் தூரிகையும் கேட்டு முதல் ஆளாக வந்தான்.

தையல்கடை அண்ணனுக்கு என்ன சொல்வது? ஐந்து வருடமாக ரூபியா லைனிங், பிளவுஸ் பிட்டு, பாவாடை ஓரம் என்று வெட்டியதில் மிஞ்சியதை நிறவாரியாகப் பிரித்து மூட்டை கட்டி வைக்கிறார். பிரிக்கச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எந்த ரூபியா சிவப்பு சாயம் விடும், எது விடாது என்று தொட்டே சொல்லிவிடுவார். ஒரே ஒரு தடவை அவர் பேச்சைக் கேட்காமல் ஒரு சிவப்பைச் சேர்த்தேன்.

அந்தச் சிவப்பு 2023 டிசம்பரில் தெரிந்தது. மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தரைத்தளத்தில் இரவோடு இரவாக முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை. எதிர்வீட்டுத் தம்பிகள் மூன்று பேர் போன் வெளிச்சத்தில் பதினாறு குயில்ட்களைத் தலையில் சுமந்து இரண்டாம் மாடிக்கு ஏற்றினார்கள். நான்கு நனைந்துவிட்டன. நனைந்த குயில்ட் என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். நடுவில் இருக்கும் பஞ்சு எல்லாவற்றையும் குடித்துவிடும். அவுரி நீலம் ஒரு பொட்டு கூடக் கலங்கவில்லை. அந்த ஒரு ரூபியா துண்டு மட்டும் பக்கத்து வெள்ளையில் இறங்கிவிட்டது. இஸ்திரிக்கார அண்ணன் தன் சொந்த வீட்டிலும் தண்ணீர் ஏறியிருந்த நிலையில், கரிப்பெட்டியை மாடிக்கே கொண்டுவந்து இரண்டு நாள் தேய்த்துத் தேய்த்துக் காயவைத்தார். அந்தக் கறையோடுதான் அந்தக் குயில்ட்டை இந்த முறையும் மாட்டினோம். மாற்றுத்துணி வைத்துத் தைக்க எனக்கு மனமில்லை.

இந்த மார்கழிக் கண்காட்சிக்கு முன்பணம் வாங்கியிருந்த ஓர் அரங்கம் பத்து நாள் இருக்கும்போது கைவிரித்துவிட்டது. அதைப் பேசிப் பயனில்லை. மார்கழியில் கல்யாணம் இல்லாமல் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது என்று எங்கள் தையல் குழு அக்கா ஒருவர்தான் யோசனை சொன்னார். மண்டபக்காரர் மூன்று நாளைக்கும் மின்சாரச் செலவு மட்டும் வாங்கிக்கொண்டார். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றதும், பந்தல் போடும் தம்பி மூங்கிலும் கயிறும் கொண்டுவந்து, ஒவ்வொரு குயில்ட்டின் முதுகிலும் நாங்கள் தைத்திருந்த குழாய்த் துணியில் கம்பு செருகி, தரையிலிருந்து ஒரே உயரத்தில் தொங்கவிட்டார். மட்டம் பார்க்க ரசமட்டம் கூட வைக்கவில்லை, கண்ணாலேயே பார்த்தார்.

ஓட்டுத் தையல் போட்ட ஏழு அக்காக்களே, வந்தவர்களில் பாதிப்பேர் "இது மிஷின் தையலா?" என்று கேட்டார்கள். கிட்டே கூட்டிப்போய்க் காட்டினேன். உங்களில் ஒருவருக்கு இடதுகைப் பழக்கம். நீலக் குயில்ட்டின் வலது மூலையில் தையல் எல்லாம் மற்றப் பக்கத்துக்கு எதிராகச் சாய்ந்திருக்கும். ஆற்றில் ஓர் இடத்தில் மட்டும் ஓட்டம் திரும்புவது போல. அதைப் பிரிக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. அதிகம் போட்டோ எடுக்கப்பட்டது அந்த மூலைதான்.

கடைசியாக, மூன்றாம் நாள் மாலை வந்த பெரியவருக்கு. சென்னையின் துணிப் பேட்டைகளை வைத்துச் செய்த நீளக் குயில்ட் முன்னால் அரை மணி நேரம் நின்றார். 1734-ல் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய சிந்தாதிரிப்பேட்டை, துணி வெளுத்தவர்களின் பேரைத் தாங்கிய வண்ணாரப்பேட்டை, கவர்னர் காலட்டின் பேரில் வந்த காலடிப்பேட்டை மூன்றையும் கூவம் போல ஒரு நீலப் பட்டை சுற்றிவரும். சிந்தாதிரிப்பேட்டைத் துண்டில் விரல் வைத்து, "எங்க தாத்தா வீட்டுத் தாழ்வாரத்துல தறிக்குழி இருந்துது" என்றார். பிறகு திரும்பிவந்து, தறியில் ஊடு நூலை ஓட்டும் ஒரு மரநாடாவைத் துணியில் சுற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனார். அதில் இன்னும் நூல் சுற்றியிருக்கிறது. என்னிடம் பத்திரமாக இருக்கிறது ஐயா. எப்போது கேட்டாலும் திருப்பித் தருவேன்.

தை மாத வகுப்புகள் தொடங்கிவிட்டன. போன முறை முக்கிக் காயப்போட்டு மறந்துபோன பதினொரு கைக்குட்டைகள் என் கொடியில் இருக்கின்றன. மடித்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை தண்ணீர் வரும் நேரத்தில் வந்தால் எடுத்துக்கொள்ளலாம், டீயும் குடித்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
சாயக்கார அக்கா
ஆதம்பாக்கம்