நீலத் தவளை ஜோடிக்கு அவசரம் வேண்டாம் கண்ணு

அன்புத் தம்பி செந்திலுக்கு,

நீ வளர்க்கிற நீல மரத்தவளை ஜோடியைக் குஞ்சு எடுக்க இந்த ஐப்பசியில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் கண்ணு. இரண்டும் ஒரே ஈட்டு முட்டையில் பிறந்தவை என்று நீயே சொல்கிறாய். அது ஒன்றே போதும், நிறுத்திக்கொள்ள.

உன் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. நீ அனுப்பிய வீடியோவில் அந்தப் பெண் தவளை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது விரல் நுனித் தட்டுகள் அமுங்கி வெளுத்திருக்கின்றன, முதுகு அப்படியே வெளிர்நீலம். யாருக்கும் மனசு வரும். ஆனால் அந்த நீலம் எப்படி வருகிறது என்று பார். உன்னிடம் இருக்கிற ஆஸ்திரேலியாவின் ஒயிட்ஸ் மரத்தவளைக்குப் பச்சை நிறமி என்று தனியாக எதுவும் கிடையாது. அடியில் நீல ஒளியைத் திருப்பியனுப்பும் செல்கள், அவற்றின் மேல் மஞ்சள் செல்கள். இரண்டும் சேர்ந்துதான் நம் கண்ணுக்குப் பச்சை. மஞ்சள் இல்லாமல் பிறந்தால் நீலம். சாராயத்தில் போட்டு வைத்த பச்சைத் தவளை நாளாக நாளாக நீலமாவதும் மஞ்சள் கரைந்துபோவதால்தான்.

இந்த மாதிரி நிறக்குறை பெரும்பாலும் தாய், தகப்பன் இரண்டு பக்கமும் வந்தால்தான் வெளியே தெரியும். அதனால்தான் விற்கிறவர்கள் அண்ணன் தங்கச்சியையே சேர்த்துச் சேர்த்து நீலம் எடுக்கிறார்கள். நிறத்தோடு மறைந்திருக்கிற மற்றக் குறைகளும் கூடவே சேர்ந்து வரும். எவ்வளவு லட்சணமான மயிலைக் காளையானாலும் அதன் மகளுக்கே அதைப் பொலிகாளையாக விட நம் தாத்தா, அப்புச்சி சம்மதிக்கமாட்டார், ஞாபகம் இருக்கிறதா? அதே கணக்குதான் இங்கேயும்.

வேறு ரத்தத்துப் பச்சைத் தவளையோடு சேர். முதல் தலைமுறை முழுக்கப் பச்சையாகத்தான் வரும், சோர்ந்துவிடாதே. அந்தக் குஞ்சுகள் நீலத்தை உள்ளே சுமந்திருக்கும். அவற்றில் ஒன்றை உறவில்லாத வேறொரு நீலத்தோடு சேர்த்தால் ஏறக்குறைய பாதி நீலமாக வரும். இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஆகட்டும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருஷத்துக்கு மேல் வாழும் உயிர் இது.

இன்னொன்று, ஒரு பெண் தவளை நூற்றுக்கணக்கில் முட்டையிடும், சில சமயம் ஆயிரத்தையும் தாண்டும். வால் உதிர்ந்து குஞ்சாகிக் கரையேறியதும் எல்லாவற்றுக்கும் பொடிசான சுவர்க்கோழிப் பூச்சி (கிரிக்கெட்) வேண்டும், அதில் கால்சியம் பொடி தூவ வேண்டும். பெரியது சின்னதைத் தின்னாமல் பிரித்து வைக்கப் பெட்டி வேண்டும். தோட்டத்தில் பிடித்த பூச்சியைப் போடவே போடாதே, சுற்றிலும் பூச்சிமருந்தடிக்கிற வயல்காடு. அந்த அறையில் கொசுவத்தியும் கூடாது, சாம்பிராணிப் புகையும் கூடாது. தவளை தோலாலும் மூச்சுவிடுகிறது.

எனக்கு ரொம்பக் கவலை தருவது நீ பெட்டித் தண்ணீரைக் கொட்டுகிற இடம். சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்குப் பின்னாலேயே வாய்க்கால். தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சைக்கு 1999இல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். உலகம் முழுக்க 500க்கும் மேற்பட்ட நீர்நில வாழ்வினங்கள் குறைந்துபோனதில் அதற்குப் பங்கு இருக்கிறது. வியாபாரத்தில் ஊர் ஊராகப் போகிற தவளைகளும் அதைச் சுமந்து போகின்றன. உனக்கு மேலே வால்பாறைக் காட்டில், மழைக்காலத்தில் ஓடைக்கு மேல் இலையில் நுரைக்கூடு கட்டும் மலபார் பறக்கும் தவளை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அதற்கு வேறு வீடு கிடையாது. நம் பெட்டித் தண்ணீர் ஒரு சொட்டுகூட ஓடையிலோ வாய்க்காலிலோ சேரக்கூடாது. பிளீச்சிங் பவுடர் கலந்து வைத்திருந்து, பிறகு நீர்நிலையை விட்டு வெகுதூரம் தள்ளி மண்ணில் ஊற்று. செத்த தவளையையும் தூக்கி எறியாதே, எரித்துவிடு. வளர்க்க முடியவில்லை என்று ஒன்றையும் வெளியே விடவே கூடாது.

வாங்கிய ரசீதைப் பத்திரமாக வை. அடுத்து சிவப்புக் கண் மரத்தவளை வாங்கும் எண்ணம் இருந்தால், அது 2010 முதல் சைட்டிஸ் என்கிற, அரிய உயிரினங்களின் பன்னாட்டு வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது என்பதை மறக்காதே. அப்படிப்பட்ட அயல் உயிரினங்களை 2024இல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும்.

இப்போதைக்கு இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் வை. என்னிடம் வேறு வழியில் வந்த பச்சை ஆண் ஒன்று இருக்கிறது, தொண்டை கறுத்து நன்றாகக் கத்துகிறது. தைப் பொங்கலுக்கு வரும்போது கொண்டு வருகிறேன். வந்ததும் அதை உன் தவளைகளிடம் காட்டாமல் ஒன்றிரண்டு மாசம் வேறு அறையில் வைத்து நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதற்கு இடம் ஒதுக்கி வை.

அன்புடன்,
அக்கா